ஈஈஜி நார்மல், ஸ்கேன் நார்மல், ஆனால் தங்கைக்கு வலிப்பு நிற்கவில்லை: எந்த டாக்டரை நம்புவது?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். தங்கைக்கு 24 வயது. இரண்டு வருடமாக இரண்டு விதமாக வருகிறது. சில நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே பார்வை நிலைகுத்தி, துப்பட்டா நுனியைப் பிசைந்துகொண்டு, வாயை மென்றபடி உட்கார்ந்திருக்கிறார். ஒரு நிமிடத்தில் விடுகிறது, பிறகு கொஞ்ச நேரம் மலங்க மலங்க விழிக்கிறார். சில நாள் கீழே விழுந்து கைகால் அடித்துக்கொள்கிறது. அது இருபது நிமிடம்கூட நீள்கிறது. இரண்டு ஈஈஜி (மூளையின் மின்அலைப் பதிவு), ஒரு எம்ஆர்ஐ ஸ்கேன், எல்லாம் நார்மல். ஒரு டாக்டர் ஃபிட்ஸ் என்று மாத்திரை கொடுத்தார், இன்னொருவர் மனசு சம்பந்தப்பட்டது என்று மாத்திரையை நிறுத்தச் சொன்னார், அம்மா மந்திரிக்கக் கூட்டிப் போகிறார். யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இது இன்னதுதான் என்று கண்டுபிடிக்க வீட்டார் என்ன செய்ய முடியும், அது தெரியும்வரை தங்கையைப் பத்திரமாக எப்படிப் பார்த்துக்கொள்வது என்பவை அவை. யார் சொன்னது சரி என்பதை நேரில் பார்க்காமல் யாராலும் தீர்த்துச் சொல்ல முடியாது. இரண்டு டாக்டர்களும் ஆளுக்கு ஒரு பாதியைச் சரியாகப் பார்த்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஈஈஜி நார்மல் என்பதை வைத்து வலிப்பு இல்லை என்று யாராவது முடித்துவிட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சாதாரண ஈஈஜி இருபது, முப்பது நிமிடம் எடுப்பது. அந்த நேரத்தில் வலிப்பு வருவது அபூர்வம். வலிப்புக்கு இடைப்பட்ட காலத்தில் மூளையில் அவ்வப்போது எழும் சிறு மின்பொறிகளைத்தான் அதில் தேடுகிறார்கள். உறுதியாக வலிப்பு நோய் உள்ளவர்களை உட்காரவைத்து ஒருமுறை எடுத்தால்கூட ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அந்தப் பொறி பதிவாகும். காதுக்கு மேலே, மூளையின் உள்மடிப்பில் தொடங்கும் வலிப்பும், நெற்றிக்குப் பின்னால் அடியாழத்தில் தொடங்கும் வலிப்பும் தலைத்தோலில் ஒட்டிய கம்பிக்கு எட்டாமலே போகலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. ரிப்போர்ட்டில் ஏதோ ஒரு கூர்முனை இருந்ததற்காக, வலிப்பே இல்லாதவர் வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவதும் நடக்கிறது. ஈஈஜி நீங்கள் சொல்லும் விவரத்துக்குத் துணை நிற்கும் சாட்சி மட்டும்தான். தீர்ப்பு முக்கியமாக அந்த விவரத்திலிருந்தே வருகிறது.

அடுத்த ஈஈஜியைத் தூக்கம் குறைத்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முந்தைய இரவு நாலைந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு, மறுநாள் காலை பதிவின்போது தூங்கவைப்பார்கள். தூக்கத்தில் நழுவும் நேரத்தில்தான் அந்தப் பொறிகள் அதிகம் வரும். முந்தைய நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போகவேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கம்பி சரியாக ஒட்டாது, பதிவு முழுக்க வீண் அலை வரும். நடுவில் மூன்று நிமிடம் வேகமாக மூச்சு இழுத்து விடச் சொல்வார்கள், பளிச் பளிச்சென்று விளக்குப் போடுவார்கள். இரண்டும் ரிப்போர்ட்டில் எழுதப்பட்டிருக்கிறதா, தூக்கம் பதிவானதா என்று பாருங்கள். ஈஈஜிக்காக என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

எம்ஆர்ஐயும் அப்படித்தான். தலைவலிக்கு எடுப்பதுபோல் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் எடுத்த படத்தில் உள்மடிப்பில் உள்ள சிறு தழும்பு தெரியாமல் போகும். வலிப்புக்கென்று தனி முறை இருக்கிறது: 1 மில்லிமீட்டர் தடிமனில், நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸுக்குக் குறுக்காக வெட்டுப் படங்களும் சேர்த்து, முடிந்தால் காந்தச் சக்தி கூடிய 3 டெஸ்லா இயந்திரத்தில் எடுப்பார்கள். ஸ்கேன் சீட்டில் 'எபிலெப்சி புரோட்டோகால்' என்று எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்கலாம். இன்னொன்று, அம்மாவிடம் கேளுங்கள்: தங்கைக்கு ஐந்து வயதுக்குள் காய்ச்சலில் வலிப்பு வந்து வெகுநேரம் நீடித்ததா? துணியைப் பிசைவது, வாயை மெல்லுவது, பிறகு மலங்க விழிப்பது ஆகியவை காதை ஒட்டிய டெம்போரல் பகுதியில் தொடங்கும் வலிப்பில் அடிக்கடி காணப்படுபவை. சிறுவயதில் நீண்ட காய்ச்சல் வலிப்பும் வந்திருந்தால் அந்த மடிப்பில் தழும்பு இருக்கலாம் என்று டாக்டர் குறிவைத்துத் தேடுவார். அந்தத் தழும்பு கிடைத்து, மருந்துக்கு வலிப்பு அடங்கவில்லை என்றால் அறுவை சிகிச்சைக்கும் வழி இருக்கிறது.

இரண்டு வகையாக வருகிறது என்று நீங்கள் எழுதிய இடம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மூளையின் மின்கோளாறால் வரும் வலிப்பு ஒன்று. வலிப்பு மாதிரியே தோன்றி, ஆனால் மின்கோளாறு இல்லாமல் வருவது இன்னொன்று. மன அழுத்தம், பழைய அதிர்ச்சி, பதற்றம் போன்றவற்றோடு இது பல நேரம் தொடர்புடையது, ஆனால் எல்லோரிடமும் அப்படி ஒரு காரணம் கிடைப்பதில்லை. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்க முடியும். வெறித்துப் பார்ப்பது முதல் வகையாகவும், இருபது நிமிடம் அடித்துக்கொள்வது இரண்டாவது வகையாகவும் இருந்தால், ஒவ்வொரு டாக்டரும் தன் முன்னால் விவரிக்கப்பட்டதை வைத்துச் சொன்னது அவரவர் வரையில் சரியாக இருந்திருக்கும். இது ஊகம்தான். இதைத் தீர்க்க ஒரே நம்பகமான வழி வீடியோ ஈஈஜி. மருத்துவமனையில் சில நாள் படுக்கவைத்து, கேமராவும் ஈஈஜியும் சேர்ந்து ஓட, வருகிற வலிப்பையே பிடிப்பார்கள். அங்கே கட்டாயம் சொல்லவேண்டியது: 'இவருக்கு இரண்டு விதமாக வருகிறது, இரண்டும் பதிவாகும்வரை முடிவு சொல்லாதீர்கள்.' ஒன்று மட்டும் பதிவாகி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பாதிக் கதையை வைத்து முழுத் தீர்ப்பு எழுதியதாகிவிடும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம், பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சிஎம்சி மூன்றிலும் இதற்கென்று தனிப் பிரிவு உண்டு. நீங்கள் மதுரைப் பக்கம் என்பதால் திருவனந்தபுரம்தான் கிட்டம். முதல் தடவை போகும்போதே படுக்கை கிடைக்காது, வெளிநோயாளியாகப் பார்த்துத் தேதி கொடுப்பார்கள். வீடியோ ஈஈஜியில்கூட, நெற்றிப் பகுதியின் ஆழத்தில் பிறக்கும் வலிப்பு சிலநேரம் அலையில் தெரியாது. அப்போது அசைவின் சாயலை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

அதுவரை உங்கள் கையில் இருக்கிற கருவி செல்போன். அமெரிக்காவில் 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், வீட்டார் எடுத்த வீடியோவை மட்டும் பார்த்து அனுபவமுள்ள நிபுணர்கள் சொன்ன முடிவு, பிறகு வீடியோ ஈஈஜியோடு ஒப்பிட்டபோது பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது சரியாக இருந்தது. ஆனால் எடுக்கிற விதத்தில் எடுக்கவேண்டும். முதலில் தங்கையின் தலை மோதாமல் பார்த்துக்கொண்டு, இரண்டாவது ஆள் போனை எடுக்கட்டும். லைட்டைப் போடுங்கள், போர்வையை விலக்குங்கள், ஆள் முழுதும் தெரியும்படி நின்று, நடுவில் முகத்துக்கு அருகே போய் கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதைப் பிடியுங்கள். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். 'வலது கையைத் தூக்கு' என்று சொல்லிப் பாருங்கள். 'மஞ்சள் குடை' மாதிரி இரண்டு வார்த்தையைக் காதருகே தெளிவாகச் சொல்லுங்கள். தெளிந்த பிறகு, நான் என்ன சொன்னேன் என்று கேளுங்கள். நினைவிருந்தாலும் இல்லாவிட்டாலும் அது டாக்டருக்குப் பெரிய தகவல். மணியை வாய்விட்டுச் சொல்லுங்கள். அடிப்பது நின்றதும் போனை அணைத்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பிறகு வரும் மூச்சின் சத்தம், எந்தக் கை தளர்ந்து கிடக்கிறது, எந்தக் கையால் மூக்கைத் துடைக்கிறார், எப்போது சரியாகப் பதில் சொல்கிறார் என்பதெல்லாம் எந்த வகை, மூளையின் எந்தப் பக்கம் தொடங்கியது என்று கண்டுபிடிக்க உதவும். அவர் சொந்த ஊர் பெயரைச் சரியாகச் சொல்லும்வரை பதிவு ஓடட்டும். அந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டாக்டருக்கு மட்டும்.

எதைப் பார்த்து எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டால், பொதுவாக மின்கோளாறு வலிப்பில் கண் திறந்திருக்கும், கைகால் அடிப்பது ஒரே தாளத்தில் ஆரம்பித்து இடைவெளி கூடிக்கூடி ஒன்றிரண்டு நிமிடத்தில் நிற்கும், பிறகு குறட்டை மாதிரி கனத்த மூச்சு, நாக்கின் ஓரத்தில் கடிபட்ட காயம். மற்றதில் கண்ணை இறுக மூடியிருப்பது, தலையை இடவலமாக ஆட்டுவது, அடங்கி அடங்கி மறுபடி எழுவது, நீண்டநேரம் போவது, நடுவில் அழுவது ஆகியவை அதிகம். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. சிறுநீர் போய்விட்டது, கீழே விழுந்து அடிபட்டது என்பவை இரண்டிலும் வரும். தூக்கத்தில் வரும் நெற்றிப் பகுதி வலிப்பில் ஆள் சைக்கிள் மிதிப்பதுபோல் காலை உதைப்பார், கத்துவார், முப்பது நொடியில் தெளிந்துவிடுவார். பார்க்கிறவர் நடிப்பு என்றே சொல்லுவார்கள். அது அசல் வலிப்பு.

இரண்டு டாக்டரும் சொல்லாத வேறு சில காரணங்களையும் ஒருமுறை கழித்துவிடுவது நல்லது. சாதாரண மயக்கத்தில்கூடக் கைகால் துடிக்கும். பெர்லினில் ஆரோக்கியமான ஆட்களை வேண்டுமென்றே மயங்கவைத்துப் படமெடுத்து 1994-ல் வெளியிட்ட ஆய்வில், முழுதாக மயங்கிய 42 பேரில் 90 சதவீதத்தினருக்குத் துடிப்பு இருந்தது. நின்றுகொண்டிருக்கும்போது, வியர்த்து, முகம் வெளுத்து, கண் இருட்டி விழுந்து, சில நொடி மட்டும் துடித்து, உடனே தெளிந்தால் மயக்கத்தை நினைக்கவேண்டும். ஓடும்போதோ படியேறும்போதோ விழுந்தாலும், குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென்று இறந்தவர் யாராவது இருந்தாலும் இதயத்தைப் பார்த்தே ஆகவேண்டும். ஓர் ஈசிஜி மலிவான பரிசோதனை. இதுவரை எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுங்கள். காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து தெறிக்கிறதா, காபி டம்ளர் திடீரென்று சிந்துகிறதா என்று தங்கையிடம் கேளுங்கள். பலர் அதைக் கவனக்குறைவு என்று நினைத்துச் சொல்வதே இல்லை. அப்படி உதறல் இருந்தால் அது வேறொரு வகை வலிப்பு. அதற்குக் கார்பமசெபைன் என்னும் வலிப்பு மாத்திரை உதறலைக் கூட்டிவிடும் என்பதால் டாக்டருக்கு இது தெரிந்தாகவேண்டும். சில வாரங்களுக்குள் நினைவு குழம்புவது, குணம் தலைகீழாக மாறுவது, தூக்கமே இல்லாமல் பிதற்றுவது என்று வலிப்போடு சேர்ந்து வந்தால் காத்திருக்காதீர்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் நோய்கள் உண்டு. இளம்பெண்களுக்கு வரும் ஒரு வகை 2007-லிருந்துதான் மருத்துவத்துக்கே தெளிவாகத் தெரியும். அதை மனநோய் என்று தவறாக நினைத்துவிடுவது சுலபம், சீக்கிரம் பிடித்தால் குணப்படுத்தவும் முடியும்.

ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, மணி, என்ன செய்துகொண்டிருந்தார், முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார், மாதவிலக்கின் எத்தனையாவது நாள், மாத்திரை தப்பியதா, எந்த வகை, கடிகாரம் பார்த்து எத்தனை நிமிடம். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். நீங்கள் எழுதிய இருபது நிமிடமும் கடிகாரம் பார்த்து அளந்ததா என்று யோசியுங்கள். அடிப்பது மூன்று நிமிடம், மயங்கிக் கிடப்பது பதினேழு நிமிடம் என்றால் அது முற்றிலும் வேறு கதை.

வரும்போது என்ன செய்வது என்பதில் எந்தச் சந்தேகமும் கிடையாது, எந்த வகையானாலும் இதுதான். பக்கத்தில் உள்ள கூர்மையான, சூடான பொருளை விலக்குங்கள். தலைக்கடியில் மடித்த துண்டு. கழுத்தை இறுக்கும் துணியைத் தளர்த்துங்கள். அடிப்பு தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். வாயில் ஸ்பூன், துணி, விரல், தண்ணீர், சோடா எதுவும் கூடாது. கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் ஒன்றும் நடக்காது. வலிப்பு தானாக நிற்கும் நேரத்தில் சாவி கையில் இருந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் சாவி தேடி ஓடும் நேரத்தில் தலை தரையில் மோதும். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது தெளியாமலே அடுத்தது வந்தால் 108. நீளும் வலிப்பை நிறுத்தும் மிடசோலம் மூக்கு ஸ்பிரே வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு அழுத்துக்கு 0.5 மில்லிகிராம் வரும் புட்டியும் இருக்கிறது, 1.25 மில்லிகிராம் வரும் புட்டியும் இருக்கிறது. கடைக்காரர் பிராண்டை மாற்றிக் கொடுத்தால் அளவு இரண்டரை மடங்கு மாறிப்போகும். அதனால் எத்தனை அழுத்து என்பதை அந்தப் புட்டியைக் காட்டியே எழுதி வாங்கி, புட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள்.

அந்த நீண்ட வகை மின்கோளாறு இல்லாதது என்று வீடியோ ஈஈஜியில் உறுதியானால் இந்தத் திட்டம் மாறும். அந்த வகைக்கு அவசரப் பிரிவில் அடுத்தடுத்து ஊசி போட்டு, மூச்சு அடங்கி, குழாய் வைக்கும் அளவுக்குப் போனவர்கள் உண்டு. அதனால் உறுதியானவுடன் டாக்டரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கி, தங்கையின் கைப்பையில் வையுங்கள்: எந்த வகை எப்படி இருக்கும், எதற்கு மருந்து, எதற்குத் தேவையில்லை. உறுதியாகும்வரை ஐந்து நிமிடக் கணக்கே செல்லும்.

மின்கோளாறு இல்லாத வகை என்று பெயர் வந்தால் வீட்டில் 'நடிக்கிறாள்' என்ற சொல் வரவே கூடாது. அவர் அதை வேண்டுமென்று செய்வதில்லை, நிறுத்தவும் அவர் கையில் இல்லை. அந்த நேரத்தில் சுற்றிக் கூட்டம் சேராமல், ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, 'நான் இருக்கேன், இது போயிடும்' என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தால் போதும். கன்னத்தில் தட்டுவது, வெங்காயம் முகரவைப்பது எதுவும் வேண்டாம். சிகிச்சை என்பது பேச்சுவழி மனச்சிகிச்சை. இதில் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்தே சொல்கிறேன்: இங்கிலாந்தில் 368 பேரிடம் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வில், அந்தச் சிகிச்சை ஒரு வருட முடிவில் மாதத்துக்கு எத்தனை முறை வருகிறது என்பதை உறுதியாகக் குறைத்ததாகக் காட்ட முடியவில்லை, ஆனால் வாழ்க்கையின் மீதான பாதிப்பும் மனவேதனையும் குறைந்தன. நோய் இன்னதென்று நிதானமாக விளக்கிச் சொன்னதுமே சிலருக்குக் குறைந்துவிடுகிறது, சிலருக்கு வருடக்கணக்கில் நீள்கிறது.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். இரண்டாவது டாக்டர் நிறுத்தச் சொன்னார் என்று ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். வெறித்துப் பார்ப்பது அசல் வலிப்பாக இருந்தால், சட்டென்று நிறுத்துவதால் நிற்காமல் தொடரும் வலிப்பு வரலாம். நிறுத்துவதானால் டாக்டர் எழுதித் தரும் அட்டவணைப்படி, படிப்படியாக. மாத்திரையின் பெயரையும் பாருங்கள். வால்புரோயேட் என்றால், அதைச் சாப்பிடும்போது கருத்தரித்தால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு, பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சியில் சிக்கல் என்பது நன்றாக நிரூபிக்கப்பட்டது. 24 வயதுப் பெண்ணுக்கு வேறு வழி உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை. லெவெடிராசிட்டம் என்றால், சிலருக்குக் காரணமில்லாத எரிச்சலும் கோபமும் வரும். மாத்திரை ஆரம்பித்த பிறகு எரிந்து விழுகிறார் என்றால் அவர் மேல் கோபப்படாமல் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்தை முழு அளவில் கொடுத்தும் அடங்கவில்லை என்றால், மூன்றாவதை எழுதுவதற்கு முன் நோயே சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டதா என்று மறுபடி பார்க்கவேண்டும்.

வீட்டில் மாற்றவேண்டியது கொஞ்சம்தான். பாத்ரூம் தாழ்ப்பாளைப் போடாமல், உள்ளே ஆள் என்று ஓர் அட்டை மாட்டிக்கொள்ளட்டும். முக்காலியில் உட்கார்ந்து, வாளியில் பாதித் தண்ணீரோடு குளிக்கட்டும். கிணறு, குளம், கைப்பிடிச் சுவரில்லாத மொட்டை மாடி, ஸ்கூட்டர் நான்கும் இப்போதைக்கு வேண்டாம். ஓட்டுநர் உரிம விண்ணப்பத்தின் படிவம் 1-ல் வலிப்பு, திடீர் மயக்கம் உண்டா என்று கேட்பார்கள், மறைக்கக் கூடாது. கொதிக்கும் எண்ணெய் முன்னால் தனியாக நிற்கவேண்டாம். ஒரே அறையில் யாராவது படுத்துக்கொள்ளுங்கள்: வலிப்பு நோய் உள்ளவர்கள் திடீரென்று, பெரும்பாலும் தூக்கத்தில், இறப்பது அபூர்வமாக நடக்கிறது, பெரியவர்களில் வருடத்துக்கு ஆயிரத்தில் ஒருவர் அளவில். பெரிய வலிப்பு அடங்காதவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல், பக்கத்தில் ஆள் இருப்பது அதைக் குறைக்கிறது. இதைத் தாண்டி அவரை வேலைக்குப் போகாதே, வெளியே போகாதே என்று அடைத்து வைக்காதீர்கள்.

அம்மாவோடு சண்டை போடவேண்டாம். கோயிலுக்குப் போகட்டும், கயிறு கட்டட்டும். மூன்று நிபந்தனை மட்டும் வையுங்கள்: மாத்திரை நேரம் தப்பக்கூடாது, விரதம் என்று பட்டினி போடக்கூடாது, இரவு முழுக்க முழிக்கவைக்கக்கூடாது. அம்மாவின் பயத்துக்குள் கல்யாணக் கவலையும் இருக்கும். வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க இடம் கொடுத்த வாசகம் இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து 1999-லேயே எடுக்கப்பட்டுவிட்டது என்று அவரிடம் சொல்லுங்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்தால் மாத்திரையையும் மறைத்துச் சாப்பிடவேண்டி வரும், அங்கேதான் மாத்திரை தப்பும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் இரண்டு பத்தி எழுதிக்கொண்டு போங்கள், 'முதல் வகை', 'இரண்டாம் வகை' என்று. ஒவ்வொன்றிலும் வருவதற்கு முன் தங்கைக்கு என்ன தோன்றுகிறது என்பதை அவரையே எழுதச் சொல்லுங்கள். வயிற்றிலிருந்து ஏதோ மேலேறுவது, ஏற்கெனவே நடந்ததுபோல் தோன்றுவது எல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும், கேட்காவிட்டால் வெளியே வராது. மீதியை, நேரில் பார்த்தவர் எழுதட்டும். பிறகு கேளுங்கள்: 'இந்த இரண்டும் ஒன்றுதானா, வேறுவேறா? உறுதியாகச் சொல்ல இன்னும் என்ன வேண்டும்?'